பக்கத்து இலை

நிறுவனத்தை மூடிவிட்டார்கள் என்ற செய்தியோடு சேர்ந்தே இன்னொரு செய்தியும் வந்தது. மெண்டர் என்ற தங்கள் மென்பொருளின் மூல நிரலை உலகத்துக்கே கொடுத்துவிட்டுப் போகிறார்களாம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், தங்கள் கணினியிலேயே கட்டி ஓட்டிக்கொள்ளலாம். பாளையங்கோட்டைக்கு வெளியே நான்குவழிச் சாலையை ஒட்டியிருந்த தசைநோய் மையத்தில் அன்று மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். பெனிட்டா மட்டும் தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கட்டுகிற வேலை யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும். மையத்தில் கணினிக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

மெண்டர் இல்லாமல் அங்கே ஊசி கிடையாது. தசை கரைந்துகொண்டே போகிற பிள்ளைகளுக்கான ஊசி அது. எல்லோருக்கும் ஒரே மருந்து என்று கடையில் வாங்கிவிட முடியாது. ஒவ்வொரு பிள்ளையின் மரபணுவையும் படித்து, பழுது எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் போய் ஒட்டினால் உடம்பு அந்தப் பழுதைத் தாண்டிப் போகும் என்று மெண்டர்தான் கணக்குப் போட்டுச் சொல்லும். அது சொல்லும் இடத்துக்குத் தக்கபடி மருந்துத் துணுக்கைச் செய்து தருவார்கள், அதை மாதாமாதம் குறித்த தேதியில் ஊசியாகப் போட வேண்டும். ஒரு வருடம் போனால் உடம்பு அந்தத் துணுக்கை அடையாளம் கண்டு விரட்டத் தொடங்கிவிடும். மறுபடி ரத்தம், மறுபடி கணக்கு. இத்தனை காலமும் மாதிரியை அனுப்பினால் நிறுவனத்தின் கணினி எங்கிருந்தோ பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அது அணைந்துவிட்டது.

பெனிட்டா நிரலை இறக்கி, கட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். திரை முழுக்கப் பிழைகள் சிவப்பாகக் கொட்டின. முதலில் ஒரு லைப்ரரி, நிரலுக்குத் தேவையான துணைத் தொகுப்பு ஒன்று, இல்லை என்றது. அதைத் தேடி எடுத்துப் போட்டால், அந்த லைப்ரரி வேறொன்றைக் கேட்டது. அதைப் போட்டால், அதற்குள் இருந்த ஒரு கோப்பின் பெயரை யாரோ என்றைக்கோ மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் ஒருவர் நகர்ந்ததும் அடுத்தவர் வந்து நிற்பதுபோல, ஒரு பிழை போனால் அதன் பின்னால் இன்னொன்று வந்து நின்றது. எத்தனை பிழை வந்தாலும் முதல் பிழையை மட்டும் பார்க்க வேண்டும், மற்றவை பெரும்பாலும் அதன் நிழல்கள் என்பது அவள் பழக்கம். அப்படி ஒவ்வொரு முதல் பிழையாகத் தீர்த்துக்கொண்டே போனாள். நாட்கள் போயின.

வெளியே வராந்தாவில் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேலப்பாளையத்திலிருந்து வரும் ஆபிதா, கதவை லேசாகத் தள்ளி எட்டிப் பார்த்தாள். அவளுடைய மகன் ரிஸ்வான் சக்கர நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"மேடம், இன்னைக்காவது ஆவுமா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் ஆபிதாம்மா."

"மிஷின் கெட்டுப் போச்சா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. மனுஷன் எழுதுன கணக்க மிஷின் பாஷைக்கு மாத்தணும். அத மாத்துறதுக்கு ஒரு புரோகிராம் உண்டு, கம்பைலர்னு பேரு. எழுதுனது பழசு, கம்பைலர் புதுசு. எழுத்துல எங்க சந்தேகம் வந்தாலும் மேல போவமாட்டேன்னு நிக்குது."

"அதுக்குப் புரியுத மாதிரி நீங்க மாத்தி எழுதிரக் கூடாதா?"

"அதத்தான் செய்யுதேன்."

ஆபிதா தலையாட்டினாள். போகாமல் நின்றாள். "பிள்ள போன மாசம் வரைக்கும் தானா கரண்டி புடிச்சுச் சாப்பிட்டான். இப்பம் நான்தான் ஊட்டுதேன். சீக்கிரம் பாருங்க மேடம்."

கடைசியில் எல்லாம் அடங்கி, ஒரே ஒரு பிழை மட்டும் மிஞ்சியது. அது லைப்ரரி இல்லை என்றோ பெயர் தெரியவில்லை என்றோ சொல்லவில்லை. மெண்டரின் உள்ளே, மதிப்பெண் போடும் பகுதியில் ஒரு வரியைக் காட்டி, இங்கே வரிசையின் எல்லையைத் தாண்டிப் படிக்கிறாய் என்றது. உண்மையில் அது ஓர் எச்சரிக்கைதான். புதிய கம்பைலர் எச்சரிக்கையையும் பிழையாகவே எடுத்துக்கொண்டு நின்றுவிட்டது.

மையத்தின் தலைவர் டாக்டர் கிருபாகரன் அவள் பின்னால் வந்து நின்றார். நல்ல மனிதர். பிள்ளைகளின் பெயர் மட்டுமல்லாமல் அவர்கள் வீட்டு நாயின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்கும்.

"பழைய கம்பைலரையே போட்டுப் பாத்தா என்னம்மா?"

"அது இந்த மெஷின்ல ஓடாது சார். இந்தச் சிப்பு பெறவு வந்தது."

"வடக்க ஒரு சென்டர்ல ஓட்டிட்டாங்களாம். எல்லாருக்கும் பொதுவுல போட்டிருக்காங்க. ஏதோ ஒரு வார்த்தையச் சேக்கணுமாம், நீயே பாரு." தன் போனை நீட்டினார்.

பெனிட்டா பார்த்தாள். எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாமல் மேலே போ என்று கம்பைலருக்குச் சொல்லும் கட்டளை அது. அவளுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதற்குக் கீழே எத்தனையோ மையங்களிலிருந்து நன்றி சொல்லியிருந்தார்கள்.

"எல்லாரும் போட்டிருக்காங்கள்லா. நாம மட்டும் ஏன் நிக்கணும்?" என்றார் கிருபாகரன். "வராண்டாவப் பாத்தியா?"

அவள் அந்த வார்த்தையைச் சேர்த்தாள். சிவப்பு எழுத்து ஒன்றுகூட வரவில்லை. மெண்டர் கட்டி முடிந்தது.

சோதித்துப் பார்க்காமல் மருந்துக்கு அனுப்ப முடியாதே. போன வருடத்து மாதிரிகளை, போன வருடம் போன அதே வரிசையில் ஓடவிட்டார்கள். நிறுவனம் அன்று சொன்ன பதில்களும், இன்று இவர்கள் கணினி சொன்ன பதில்களும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போயின. கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வராந்தாவில் எல்லோருக்கும் டீ வந்தது. ஆபிதா யாரையும் பார்க்காமல் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பெனிட்டாவுக்குத்தான் டீ இறங்கவில்லை. ஏதோ சொல்ல வந்த ஒருவரின் வாயைப் பொத்திவிட்டு விருந்து கொண்டாடுவதுபோல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மையத்துக்கு வந்தாள். யாருமில்லை. அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சின்னப் பிழை. யாரும் செய்யக்கூடியது. ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பெண் போட்டு வரிசையாக வைத்துவிட்டு, பிறகு எது பெரியது என்று முதலிலிருந்து கடைசி வரை பார்க்கிற இடம். எழுதியவர் கடைசியோடு நிற்காமல் இன்னும் ஓர் இடம் கூடுதலாகப் பார்க்கச் சொல்லியிருந்தார். வரிசை முடிந்த பிறகு அங்கே என்ன இருக்கும்? அவள் தோண்டித் தோண்டிப் பார்த்தாள். அதற்கு முன்னால் ஓடிய மாதிரியின் மதிப்பெண் ஒன்று அழியாமல் அங்கே கிடந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த எண் சிறியதாக இருக்கும், தோற்றுப்போகும், கணக்கு கெடாது. மரபணுவின் கடைசிப் பகுதியில் பழுதுள்ள பிள்ளைகளுக்குச் சொந்த மதிப்பெண்களே குறைவு. அங்கே மட்டும் வேறொரு பிள்ளையின் எண் ஜெயித்துவிடும். மெண்டர் அதை நம்பி, இந்தப் பிள்ளையின் உடம்பில் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தைக் கைகாட்டும்.

ஓர் எழுத்தைத் திருத்தினாள். எச்சரிக்கை தானாகப் போய்விட்டது. மறுபடி கட்டி, மறுபடி எல்லா மாதிரிகளையும் ஓட்டினாள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் அதே பதில். ரிஸ்வானுக்கு மட்டும் வேறு.

அதன் பிறகு அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பழைய மாதிரிகள் இருந்த இடத்தைத் திறந்தாள். அவளுடைய அக்கா ஷீபாவின் மகன் ஜோயலுக்கும் கடைசிப் பகுதியில்தான் பழுது. அவன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இதயம் நின்றுவிட்டது. உடம்பு மருந்தை ஏற்றுக்கொள்ளவில்லை என்று எழுதினார்கள். கடலோர உவரியில் அந்தோணியார் திருவிழாவுக்காக மாமியார் வீட்டுக்குப் போன ஷீபா, ஊசிக்குச் சொன்ன தேதியைத் தாண்டிச் சில வாரங்கள் அங்கேயே தங்கிவிட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜோயலைப் பெட்டியில் வைத்திருந்தபோது, அவள் கணவன் கிளாரன்ஸ் ஊரே கேட்கும்படி சொன்னான், "தேதியத் தவறவிட்டு எம்புள்ளயக் கொன்னுட்டா." பிறகு அவன் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். போன் செய்வதில்லை. ஷீபா அவன் சொன்னதை மறுத்து ஒரு சொல் பேசியதில்லை.

பெனிட்டா ஜோயலின் மாதிரியை ஓட்டினாள். பதில் வேறாக வந்தது.

திங்கள்கிழமை காலையில் கிருபாகரனிடம் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. "பழைய பதிலோட ஒத்துப்போச்சேம்மா."

"பழைய பதிலே தப்பு சார். பந்தியில நம்ம இலை முடிஞ்ச பெறவும் கை நீண்டு, பக்கத்து இலையில இருக்கத எடுத்துச் சாப்பிட்ட மாதிரி. நாம பாத்தது அதே தப்பு மறுபடி ஒழுங்கா நடக்குதான்னுதான்."

அவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார். தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

"ஜோயல்?"

"ஆமா சார்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "ரிஸ்வானுக்குப் புதுக் கணக்குலதான் மருந்து போவும். அது எம் பொறுப்பு. மத்தது இந்த ரூம விட்டு வெளிய போவக் கூடாது பெனிட்டா."

"ஏன் சார்?"

"சோர்ஸ் கொடுத்தவன் சும்மா கொடுக்கல. உயிரோட இருக்க நோயாளிக்கு மருந்து செய்ய மட்டும்தான் அனுமதி. பழைய முடிவுகளத் தோண்டித் தப்புக் கண்டுபிடிக்கக் கூடாது, வெளிய பேசக் கூடாது. மீறுனா அனுமதி போச்சு. கம்பெனியத்தான் மூடியிருக்கான், வக்கீலுங்க இன்னும் இருக்காங்க. நீ வாயத் திறந்தா மறுநாள் இங்க ஊசி நின்னுரும்."

"வடக்க அந்தச் சென்டர்ல எச்சரிக்கைய அமத்திட்டு ஓட்டுதாங்க சார். அவங்களப் பாத்து எத்தன பேரு ஓட்டுதாங்களோ. அங்கயும் கடைசிப் பகுதியில பழுதுள்ள பிள்ளைங்க இருக்கும்லா."

அவர் சன்னல் வழியே வராந்தாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம பிள்ளைங்க நம்ம வாசல்ல உக்காந்திருக்கு. பேரு தெரியும், மொகம் தெரியும்," என்றார். "அந்தப் பிள்ளைங்கள நான் பாத்ததில்லம்மா." சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடிக்காதவர்போல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை பெனிட்டா அக்கா வீட்டுக்குப் போனாள். உலகத்துக்குச் சொல்வதைப் பற்றி அவளுக்கு இன்னும் முடிவில்லை. அக்காவுக்கு மட்டும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடமாக ஒரு பெண் சுமக்கிற பாரத்தை ஒரு வாக்கியத்தில் இறக்கி வைத்துவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவளுக்கு அவசரமாக இருந்தது.

ஷீபா அடுப்படியில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்க?"

பெனிட்டா அவளைக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். முடிவில், "தேதி தள்ளிப் போனதுனால இல்லக்கா. நீ ஒரு தப்பும் செய்யல. மருந்தே தப்பு. முதல்லருந்தே தப்பு," என்றாள்.

ஷீபா அழவில்லை. ஈரக்கையை மடியில் வைத்தபடி கேட்டாள், "அந்தத் தப்பு மருந்து உடம்புக்குள்ள போயி என்ன செய்யும்?"

பெனிட்டா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "அது... இதயத் தசையில போயி ஒட்டியிருக்கும்க்கா."

"ஒவ்வொரு ஊசிக்குமா?"

பெனிட்டா மெல்லத் தலையசைத்தாள்.

"உவரியில இருந்தப்போ அவன் நல்லா இருந்தான்ட்டி," என்றாள் ஷீபா. "போயி கொஞ்ச நாள்லயே மூச்சு வாங்குறது நின்னுட்டு. கடல் பக்கம் கூட்டிட்டுப் போன்னு ஒரே பிடிவாதம். அலையில கால நனைச்சுட்டு நாள் பூரா உக்காந்திருப்பான். ஊசியப் போடாம பிள்ள நல்லாருக்கான்னு நான் யார்ட்ட சொல்ல? அந்தோணியார் செஞ்ச புதுமைன்னு நெனச்சுட்டு, சொன்னா போயிருமோன்னு வாய மூடிட்டு இருந்தேன். அப்புறம் பயந்துட்டேன். தேதி தாண்டிட்டே, ஏதாவது ஆயிருமோன்னு நான்தான் கெளப்பிக் கூட்டியாந்தேன். வரமாட்டேன்னு அழுதான்." மடியிலிருந்த கையைப் பார்த்தாள். "இங்க வந்து, ஊசி வேண்டாம்மா, அதுக்கு அப்புறந்தான் நெஞ்சு வலிக்கின்னு சொன்னான். கையத் திமிறுனான். நான்தான்ட்டி இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்."

சமையலறையில் குழாய் சரியாக மூடாமல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. பெனிட்டாவுக்கு, தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் திரும்ப விழுங்கிவிட வேண்டும்போல இருந்தது. தேதியைத் தவறவிட்டவள் என்ற பழியோடு ஷீபா எப்படியோ வாழப் பழகியிருந்தாள். இப்போது அதைப் பிடுங்கிவிட்டு அவள் கையில் வேறொன்றைக் கொடுத்தாகிவிட்டது.

"அக்கா, நீ எப்படிக்கா தெரிஞ்சிருக்க முடியும்..."

"தெரியாதுதான். யாருக்குத்தான் தெரியும்?" ஷீபா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே பள்ளிக்கூட வேன் ஒன்று நின்று, பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு கேட்டாள், "இந்த ஊசி வேற எங்கயும் போவுதா?"

"போவுதுக்கா. நெறைய எடத்துல. இந்த வாரமே போட்டுட்டு இருப்பாங்க."

"பெறவு இங்க உக்காந்து என்னட்டி செய்யுத?"

பெனிட்டா மையத்துக்குப் போகவில்லை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே தன் கணினியைத் திறந்தாள். கம்பைலர் எந்த வரியைக் காட்டியது, அதை ஏன் அமர்த்தக் கூடாது, எந்த எழுத்தைத் திருத்த வேண்டும், எந்தப் பகுதியில் பழுதுள்ள பிள்ளைகளுக்கு ஊசியை உடனே நிறுத்த வேண்டும் என்று எழுதினாள். இது வெறும் சந்தேகம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு பிள்ளையின் பழைய பதிலையும் புதிய பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பெயரைப் போடலாமா என்று அக்காவைப் பார்த்தாள். "போடு," என்றாள் ஷீபா. எல்லா மையங்களும் பார்க்கும் பொது இடத்தில் அது போய்ச் சேர்ந்தது.

கிருபாகரன் சொன்னதுதான் நடந்தது. நிறுவனத்தின் வக்கீல்கள் மூல நிரலுக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நிரலை ஓட்டுவது குற்றம் என்று மையத்துக்கு அறிவிப்பு வந்தது. வழக்கு நடந்து, ஓட்டலாம் என்று நீதிமன்றம் சொல்வதற்கு மாதங்கள் ஆயின. அறிவிப்பு வருவதற்குள் மருந்துக்கூடத்திலிருந்து வந்துவிட்ட ஊசிகள் தீர்ந்த பிறகு, அத்தனை மாதங்களும் பாளையங்கோட்டையில் ஊசி இல்லை. சரியான கணக்கில் ரிஸ்வானுக்குக் கிடைத்தது ஒரே ஊசி. அதற்கே அவன் விரல்கள் மறுபடி கரண்டியைப் பிடிக்க ஆரம்பித்திருந்தன. பிறகு அதுவும் நின்றுபோனது. நடந்துகொண்டிருந்த சில பிள்ளைகள் அந்த மாதங்களில் சக்கர நாற்காலிக்கு வந்தார்கள். அவர்கள் திரும்ப எழுந்திருக்கப் போவதில்லை.

பெனிட்டாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பொருட்களை எடுக்க வந்த அன்று வராந்தாவில் ஆபிதா எதிரே வந்தாள்.

"உங்க அக்கா பிள்ள செத்துப்போனது செத்துப்போனதுதானே மேடம்," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "எம்புள்ள உயிரோட இருந்தான்லா. அவன் ஊசியையா நிறுத்தணும்?"

மற்ற ஊர்களில் நிறுத்தப்பட்ட தப்பான ஊசிகளைப் பற்றிச் சொல்ல பெனிட்டா வாயைத் திறந்தாள். ஆபிதா அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததில்லை. பெனிட்டாவும் பார்த்ததில்லை. அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அழைப்புகள் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கின. அவள் எழுதியதோடு அவள் போன் எண்ணும் இருந்தது. முதலில் மருத்துவர்கள் பேசினார்கள். பிறகு தாய்மார்கள். விழுப்புரத்திலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, பினாங்கிலிருந்து. தமிழ் தெரியாதவர்கள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார்கள். எல்லோரும் பிள்ளையை இழந்தவர்கள். வழக்குப் போட வழி கேட்பார்கள் என்று பெனிட்டா நினைத்தாள். யாரும் அதைக் கேட்கவில்லை. ஒருத்தி அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்ததை மறைத்து ஊசி போட வைத்ததைச் சொன்னாள். ஒருத்தி நாட்டு மருந்து கொடுத்ததைச் சொன்னாள். கடைசியில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: என்னாலயா?

அவளால் பதில் சொல்ல முடியும். ஓட்டலாம் என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, மையங்கள் தங்கள் பழைய மாதிரிகளை எண்ணோடு பொது இடத்தில் போட்டிருந்தன. மாதிரியின் எண் இருந்தால் போதும், தன் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம். முதல் சில பேருக்கு அப்படியே சொன்னாள். ஒருத்தியிடம், மருந்து தப்பு என்றாள். எதிர்முனையில் எழுந்த ஓலத்தைக் கேட்டுப் போனை மேசையில் வைத்துவிட்டாள். இன்னொருத்தியிடம், மருந்து சரிதான், உங்கள் பிள்ளைக்குக் கணக்கு பிசகவில்லை என்றாள். அந்தப் பெண் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தச் சரிங்க மறுநாளும் அவள் காதில் இருந்தது.

ஒரு நாள் பிற்பகல் அக்கா வீட்டில் இருந்தபோது போன் அடித்தது, அவள் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டுத் தட்டோடு வந்த ஷீபா, தட்டை வைத்துவிட்டு எடுத்தாள். எதிரே பேசிய பெண் பிள்ளையின் பெயரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள், தான் என்ன செய்தேன் என்று சொன்னாள். ஷீபா கடைசி வரை கேட்டுக்கொண்டாள்.

"எம்புள்ள பேரு ஜோயல்," என்றாள் பிறகு. "ஒங்களுக்கு என்ன தெரியணுமோ அது எந்தங்கச்சிக்குச் சொல்லத் தெரியும். ஆனா ரெண்டு பதில்தான் உண்டு, ரெண்டுலயும் நிம்மதி கெடையாது. அத நான் பாத்துட்டேன். தெரிஞ்சே ஆவணுமான்னு மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க. இன்னைக்கே சொல்லணும்னு இல்ல."

ஷீபா போனை வைக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்து, அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாதிரியின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கத் தொடங்கினாள். ஷீபா அதைத் திரும்பச் சொல்ல, பெனிட்டா கணினியில் தட்டினாள்.